பனியில் கிடந்தவர்

"அந்தப் பொணத்த இன்னொருக்கா காட்டுவீங்களா சேர்?"

புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த யோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். கொட்டகலை மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு பிறமொழிப் படம் போட்டுக் காட்டுகிறவர் அவர். இன்று ஹங்கேரிப் படம். மூடிப்போன தொழிற்சாலை, வேலையிழந்த ஜனங்கள், விடாமல் கொட்டும் பனி. கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தில் ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள்.

இந்தப் பெண் கடைசி வரை அசையாமல் இருந்தாள். ஆனால் குளிரில் விறைத்துச் செத்த கூலியாளைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போகும் காட்சி வந்ததும் சிரித்துவிட்டாள். சத்தம் வெளியே வராமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டதையும் யோகேஸ்வரன் பார்த்தார்.

"உங்க பேரு என்ன?"

"பிரியந்தி. நோர்வூட் பக்கம். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறேன்."

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த தனுஜா திரும்பினாள். பாடசாலை ஆசிரியை, யோகேஸ்வரனுக்குத் துணையாக இந்தத் திரையிடல்களை நடத்துகிறவள்.

"நாங்க எல்லாம் அழுதுக்கிட்டு இருக்கோம், நீங்க சிரிக்கிறீங்களே. அது என்ன சிரிக்கிற எடமா?"

"தெரியல டீச்சர். வந்துருச்சு."

யோகேஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை. துக்கம் முற்றினால் சிரிப்பு வரும் என்று அந்த நாட்டுப் படங்களைப் பற்றி எங்கோ படித்திருந்தார். ஒருவேளை இவள்தான் படத்தைச் சரியாகப் பார்த்தவளோ?

"இந்தப் படத்துக்கு எப்படி வந்தீங்க?"

"ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருந்தீங்க. ஹங்கேரின்னு போட்டிருந்திச்சு. அந்த ஊரு எப்படி இருக்கும்னு பார்க்கலாம்னு வந்தேன்."

"பார்த்தீங்களா? அங்கயும் நம்ம கதைதான். தொழிற்சாலைய மூடினா ஊரே படுத்துரும். தப்பிக்க வழியில்லாத ஜனங்களைத்தான் அவங்க படத்துல காட்டுவாங்க. அந்தப் படங்கள்ல யாருக்கும் ஒரு நல்ல சேதி வராது."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அது நெசப் பனியா சேர்?"

"நெசப் பனிதான்."

"அதுலயா அவ்வளவு நேரம் படுக்கப் போட்டு வச்சிருந்தாங்க?"

"நடிக்கணும்னா படுத்துத்தானே ஆகணும்."

"எந்திரிச்சதும் சூடா குடிக்க ஏதாச்சும் குடுத்திருப்பாங்களா?"

தனுஜா சிரித்துவிட்டாள். "இவ்வளவு பெரிய படத்துல உங்களுக்கு அந்தக் கவலைதானா?"

பிரியந்தி சிரிக்கவில்லை. கையிலிருந்த குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இத எப்ப புடிச்சாங்க சேர்?"

"மாசி மாசம்."

"எந்த மாசி?"

"இந்த வருச மாசிதான். என் கூட்டாளி ஒருத்தன் அங்க கேமராக்காரருக்கு ஒத்தாசையா இருக்கான். அந்தப் பொணக் காட்சி எடுத்த அன்னைக்கே எனக்குப் போட்டோ அனுப்பினான். அவன் வாங்கிக் குடுத்துத்தான் இந்தப் படமே நமக்குக் கிடைச்சிச்சு."

"மாசிதான்னு நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். கூரைத் தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. யோகேஸ்வரன் சுற்றிய வயரைப் பிரித்து மறுபடி மாட்டினார். அவள் அந்தக் காட்சியில் என்னதான் காண்கிறாள் என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

திரையில் மறுபடி பனி கொட்டியது. வெறிச்சோடிய தெருவில் நான்கு பேர் கதவுப் பலகையைச் சுமந்து வந்தார்கள். பலகையில் அந்தக் கூலியாள். மீசையிலும் இமையிலும் வெள்ளையாகப் பனி. எங்கிருந்தோ பிழைக்க வந்து, அந்த ஊரில் யாருமில்லாமல் செத்தவன் என்பதுதான் கதை.

பிரியந்தி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"நிப்பாட்டுங்க சேர். கொஞ்சம் பின்னுக்கு எடுங்க. ஆங், இப்ப விடுங்க."

செத்தவனின் முகம் திரையை நிறைத்தது.

"மூச்சு விடுறாரு, பாருங்க."

யோகேஸ்வரன் கிட்டே போய்ப் பார்த்தார். உண்மைதான். மூக்கு நுனியில் புகை போல மெல்லிய ஆவி வந்து கலைந்தது. பலமுறை பார்த்த படம். இது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

"அட, ஆமா," என்றாள் தனுஜா. "பொணம் மூச்சு விடுது. இந்தப் பிழையப் பார்த்துத்தான் சிரிச்சீங்களா?"

பிரியந்தி இல்லையென்று தலையசைத்தாள். அவள் கை திரைச்சீலையின் ஓரத்தைத் தொட்டது. படத்தின் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தபோதுதான் அவள் அழுதுகொண்டிருந்தது இருவருக்கும் தெரிந்தது.

"சேர், உங்க கூட்டாளிக்கு ஒரு போன் போட்டுக் குடுங்க."

"போடறேன். அவன்கிட்ட என்ன கேக்கணும்?"

"இவரு இப்ப எங்க இருக்காருன்னு கேக்கணும். எங்க வீட்டுக்காரரு சேர். அங்க வேலைக்குப் போனவரு போன மார்கழியிலயே ஆத்துல விழுந்து செத்துட்டாருன்னு ஏஜென்ட் சொன்னான். உடம்பு வரும் வரும்னு பார்த்துட்டு, நாளைக்குக் கருமாதி வச்சிருக்காங்க. லயத்துல எங்க வீட்டு வாசல்ல பந்தல் போட ஆரம்பிச்சிருப்பாங்க, நான் போய்ப் பிரிக்கச் சொல்லணும்."