மத்தியான விருந்தாளி

கதவு தட்டும் சத்தம் கேட்டதுமே யூலானுக்கு எரிச்சல் வந்தது.

"வந்துட்டாங்க மகராசி."

சாய்வு நாற்காலியில் கிடந்த மாமனார் கண்ணைத் திறந்தார். "யாரும்மா?"

"வேற யாருப்பா? பக்கத்து வீட்டு ஃபூ அக்காதான். சாப்பிட்ட கையோட கிளம்பிடறாங்க."

கதவைத் திறக்கும்போது மட்டும் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டாள்.

"வாங்கக்கா, வாங்க. வெயில் கொல்லுதில்ல?"

சொல்லிக்கொண்டே ஏசியைப் போட்டாள். போடாமல் முடியுமா? அவள் ஊரான வடசீனத்து ஹார்பினில் பனிக்காலத்தில் யாராவது வந்தால், வீட்டிலேயே கதகதப்பான இடத்தை அவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே தென்கோடி ஹைக்கோவில் வந்தவரை வியர்க்க விட்டால் ஊர் மானம் என்ன ஆவது?

ஃபூ அக்கா வழக்கம்போல வெறுங்கையோடுதான் வந்திருந்தாள். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊர்வம்பு கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. மூன்று மணிக்கு எழுந்து, "வர்றேம்மா" என்று போய்விட்டாள்.

கதவைச் சாத்திய மறு நொடி யூலான் ஏசியை அணைத்தாள்.

மாமனாரின் நெஞ்சுச் சளிக்குக் குளிர் ஆகாது, வெப்பமான ஊருக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் இவ்வளவு தூரம் குடிவந்தார்கள். வருவதற்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து செலவுக் கணக்குப் போட்டார்கள். வீட்டைச் சூடாக்கும் கட்டணம் மிச்சம், கம்பளிக் கோட்டு மிச்சம், பூட்ஸ் மிச்சம். கம்பளிக் கோட்டுக்குள் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. ஏசி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

ஜூன் பிறந்ததும் ஞாபகம் வந்தது. அவள் புருஷன் குவோபினுக்கு இங்கே சம்பளமும் குறைவு. அதனால் ராத்திரி படுக்கும்போது கொஞ்ச நேரம் மட்டும் ஏசி, பகலில் மின்விசிறி என்று யூலான் சட்டம் போட்டுவிட்டாள்.

மாமனாரும் ஒத்துக்கொண்டார். "எனக்கெதுக்கும்மா ஏசி? ரயில் இஞ்சின்ல கரி அள்ளிப் போட்டவன் நான். இதெல்லாம் ஒரு சூடா?"

அவர் சொன்னதை அவள் நம்பினாள். நம்புவதுதான் வசதியாக இருந்தது.

மாதக் கடைசியில் கரண்ட் பில் வந்தது. பட்டறையிலிருந்து சட்டை நனைந்து வந்த குவோபின் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன யூலான் இது? கரண்ட் பில்லா, வீட்டு வாடகையா?"

"என்னை ஏன் கேக்கறீங்க? பக்கத்து வீட்ல போய்க் கேளுங்க. அவங்க வீட்டு பில்லை மிச்சம் பிடிக்க நம்ம வீட்ல வந்து குளிர்காயறாங்க."

"வந்தா போடாம இரேன்."

"வந்தவங்களை வேகவச்சு அனுப்பவா? நாளைக்குக் கீழ்வீடு மேல்வீடு எல்லாம் சிரிக்கும்."

குவோபின் கண்ணை மூடிக்கொண்டான். "அப்ப என்னதான் பண்ணலாங்கற?"

"பாதிப் பணம் கேக்கப்போறேன்."

"விருந்தாளிகிட்டயா?"

"என்னைக்காவது வந்தா விருந்தாளி. தினமும் வந்தா குடித்தனக்காரங்க."

அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. விடியுமுன் எழுந்து ஒரு கடைக்கு மாவுக் கொழுக்கட்டை மடித்துக் கொடுக்கிறாள். அந்தக் காசு மொத்தமும் இந்த ஒரு காகிதத்துக்கே போகிறதென்றால் அழுகைதான் வந்தது. பில்லை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. ஃபூ அக்கா குப்புறப் படுத்திருக்க, அவள் தோளில் புருஷன் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசல்வரை நெடி அடித்தது.

"யாரு, ஹார்பின் பொண்ணா? வாம்மா. நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

யூலான் பில்லை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "சொல்லுங்கண்ணா."

"உங்க வீட்டு ஏசிக் காத்து நேரா இவமேல படாத மாதிரி உட்கார வைம்மா, புண்ணியமாப் போகும். இவ தோளுக்குக் குளிர்க்காத்து ஆகவே ஆகாது. அதுக்காகவே நாங்க வீட்ல ஏசி மாட்டல. உங்க வீட்டுக்குப் போயிட்டு வந்தா கையைத் தூக்க முடியாம முனகறா."

யூலானுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்குக்கா தினமும்..."

"அவர் கிடக்கறாரு, நீ உட்காரும்மா" என்று ஃபூ அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள்.

அவர் விடவில்லை. அவளை அமுக்கிப் படுக்கவைத்துவிட்டுச் சொன்னார்.

"நானும் அதைத்தான் தலபாடா அடிச்சுக்கறேன். கேட்டாத்தானே? 'நான் போய் உட்கார்ந்தாத்தான் அந்தப் பொண்ணு ஏசி போடுது, அப்பதான் அந்தப் பெரியவர் கொஞ்ச நேரமாவது புழுக்கத்துல மூச்சு வாங்காமத் தூங்கறார்'ங்கறா!"