இருநூற்றுப் பதினான்கு ஆண்கள்

நூற்றெழுபதாவது ஆளை ப்ளாக் செய்தபோது ஷாரோனுக்குக் கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்தது.

ஒரகடம் கூட்டுரோட்டில், ரீசார்ஜ் கடைக்கு மேல்மாடியில், அவளுடைய லேடீஸ் பியூட்டி பார்லர் திறந்து இரண்டு மாதம் ஆகிறது. புது நாற்காலி, புதுக் கண்ணாடி. அந்த நாற்காலியில் இதுவரை அதிக நேரம் உட்கார்ந்தவள் ஷாரோன்தான்.

ஆறு வருஷம் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றவள். நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. வேலையை விட்டு, தாம்பரத்தில் கோர்ஸ் முடித்து, ஆசை ஆசையாய்த் திறந்த கடை இது. ஆளே வரவில்லை என்று கேள்விப்பட்ட பழைய சூப்பர்வைசர் பரசுராமன், நல்ல மனுஷன், அவளுக்காக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் சரி என்று சொல்லிவிட்டால் திங்கட்கிழமை காலை ஷிஃப்டில் மறுபடி நின்றுகொள்ளலாம்.

இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு. காலையில் சர்ச்சில், “கர்த்தரே, ஒரு ஜோடிப் புருவத்தையாவது அனுப்பும்” என்று ஜெபித்துவிட்டு வந்திருந்தாள்.

கூப்பிடு தூரத்தில், வடக்குப்பட்டு ரோட்டில், மூன்று லேடீஸ் ஹாஸ்டல். அறுநூறு பெண்கள். அவர்களை எட்டிப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

நோட்டீஸ் ஒட்டினால் வார்டன் கிழித்தார். வாட்ஸ்அப்புக்கு நம்பர் வேண்டும். ஷாரோனிடம் இருந்த பதினோரு நம்பரில் ஒன்பது சொந்தக்காரர்களுடையது. கடைசியில் அவள் புருஷன் தாவீது, ஃபேஸ்புக்தான் சரி என்று முடிவு கட்டி, பக்கம் திறந்து, ரிப்பன் வெட்டும் படத்தையும் போட்டான். படத்தை முக்கால்வாசி அவனே அடைத்துக்கொண்டு நின்றான்.

லைக் குவிந்தது. இருநூற்றுப் பதினான்கு.

“இன்னா ஷாரோன், லைக்கு எகிறிகினு போவுது, நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு கீற?”

“அத்தினியும் ஆம்பளைங்கய்யா! இவனுங்களுக்கு நான் இன்னா, மீசைக்கு த்ரெட்டிங் பண்ணவா?”

தாவீது டீ வாங்கி வருவதாகச் சொல்லி நைசாகக் கீழே இறங்கிவிட்டான்.

மெசேஜ்களைப் பார்த்தால் அதைவிடக் கேவலம். ஹாய். ஹாய் மேடம். சாப்டாச்சா. சங்கரநாராயணன் என்ற ஒருவன், மேலே வரும் படிக்கட்டு ரோட்டிலிருந்து தெரியுமா என்று கேட்டிருந்தான். சுடலை என்பவனுக்கு, எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது என்று தெரிய வேண்டுமாம்.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவன் மாரிமுத்து. முகத்துக்குப் பதில் ஒரு கறுப்பு புல்லட் படம்.

‘கடைல ஆம்பளைங்க யாராவது இருப்பாங்களா?’

பதில் வராததால், ‘ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் தனியாத்தான இருப்பீங்க?’

அதற்கும் பதில் இல்லை என்றதும், ‘கதவை உள்ள தாழ் போட்டுக்கலாமா?’

ஷாரோனுக்குக் குப்பென்று ரத்தம் தலைக்கு ஏறியது. செருப்பு பிஞ்சிடும் என்று நேற்றே பதில் அனுப்பி, முதல் ஆளாக அவனைத்தான் ப்ளாக் செய்தாள். ஆத்திரம் அடங்கவில்லை. இன்று காலையிலிருந்து மற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

இருநூற்றுப் பதினான்கும் முடிந்தபோது மணி பன்னிரண்டு. ஃபேஸ்புக் பெண்கள் இருக்கும் இடமே இல்லை என்று தோன்றியது. பரசுராமனுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்தது; அவர் எடுக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. மூன்று பக்கமும் கண்ணாடி இருக்கிற கடையில் அழுவது பெரிய கொடுமை.

கதவு லேசாகத் தட்டப்பட்டது.

இருபது வயசு இருக்கும். துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு, சண்டைக்கு வந்தவளாக ஒரு பெண் நின்றாள்.

“எக்கா, பதில் போடாட்டாலும் போவுது. கேட்ட கேள்விக்குச் செருப்பு பிஞ்சிரும்னா சொல்லுவிய?”

ஷாரோன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ யாரும்மா?”

“நாந்தாங்க்கா மாரிமுத்து.”

அவளுக்குப் பின்னால் புல்லட்காரன் எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று ஷாரோன் எட்டிப் பார்த்தாள்.

அவளுடைய நிஜப் பெயர் இசக்கிசெல்வி. மாரிமுத்து என்பது ஊரில் இருக்கும் அண்ணன் பெயர், புல்லட்டும் அவனுடையது. “எம்பேருல வச்சிருந்தப்ப ராவும் பவலும் ஹாய் ஹாய்னு உசுர வாங்கிட்டானுவ. அதான் மாத்திட்டேன். ஹாஸ்டல்ல முக்காவாசிப் பேரும் அப்படித்தான்.”

ஷாரோன் தன் கையிலிருந்த ஃபோனைத் திகிலோடு பார்த்தாள். “ஐயோ, எல்லாரையும் தூக்கிட்டேனே! இதுல நெஜ ஆம்பளை எவன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?”

“ஹாய் போட்டவன்லாம் ஆம்பள. கேள்வி கேட்டதெல்லாம் நாங்க.” இசக்கிசெல்வி படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “சங்கரநாராயணனும் சுடலையும் கீழதான் நிக்காளுவ. இன்னும் ஏழு பேரு இருக்கோம். ஒங்க வீட்டு அண்ணன் இப்ப மேல வரமாட்டாவன்னா கூப்பிடுதேன்.”

ஃபோன் அடித்தது. பரசுராமன்.

“சார், அந்த எடத்த வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றாள் ஷாரோன்.

முதலில் மாரிமுத்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, “வலிக்குமாக்கா?” என்று கேட்டாள்.

நூலின் ஒரு முனை பல்லில் இருந்ததால் ஷாரோனால் பதில் சொல்ல முடியவில்லை. சிரித்தால் நூல் நழுவிவிடும் என்று சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.