வட்டமாக வரைந்த குளம்

மூன்றாவது தடவை அங்கப்பன் மனுவோடு ஒரு நேந்திரன் வாழைத் தாரையும் தோளில் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்.

கிளார்க் சாயிரா பானு தாரைப் பார்க்கவே இல்லை. மனுவைத்தான் பார்த்தாள்.

"குளத்தை வட்டமா வரைஞ்சிருக்கீங்ணா. உங்கூர்க் குளம் நீளமால்ல இருக்குதுங்க?"

அங்கப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டது என்ன பெரிய சொத்தா? தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடை. குளம் வற்றிக் கிடந்தது. மழை பிடிப்பதற்குள் இருபது வண்டி வண்டல் அள்ளி வாழைக்குப் போட வேண்டும். அதற்கு அனுமதி கேட்டுத்தான் மனு. பல்லடத்துக் கோழி எரு வாங்கினால் கட்டுப்படியாகாது. முதல் தடவை சர்வே நம்பர் இல்லை என்றாள். அடுத்த தடவை ஸ்டாம்பு தலைகீழாக இருக்கிறது என்றாள். இப்போது குளம் வட்டமாம்!

"இந்தத் தாரை நீங்களே தூக்கிட்டுப் போங்ணா. மனுவை மட்டும் திருத்திக் கொண்டாங்க. சலிச்சுப்போயி விட்டுப்போடாதீங்க. திங்கக்கிழமை கட்டாயம் வரோணும்."

கையும் நீட்டமாட்டாள், கையெழுத்தும் வாங்கித் தரமாட்டாள். இப்படியொரு பிறவியை அங்கப்பன் கண்டதேயில்லை.

செங்கல் சூளை வெங்கடபதியோ தங்கமான மனுஷர். அவருக்கும் அந்த ஆபீசில் ஏதோ வேலை. அங்கப்பனைக் கண்டதும் வராந்தா பெஞ்சை விட்டு எழுந்தே வந்தார்.

"உங்க மனு முடிஞ்சுதுங்களா?"

"எங்கீங்க முதலாளி! படம் தப்பாமா."

"அட, இதுக்குப் போயி! நம்ம சர்வேயரை வெச்சு வரைஞ்சு தாரேன். கார்ல ஏறுங்க."

மாருதி காரில் ஏற்றிப்போய், அளவெல்லாம் போட்டு நீளமான குளம் வரைந்து வாங்கிக் கொடுத்தார். ஸ்டாம்பையும் அவரே நேராக ஒட்டினார். பணக்காரனுக்கு இருக்கிற ஈரம் ஒரு சம்பளக்காரிக்கு இல்லையே என்று அங்கப்பனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திங்கட்கிழமை சாயிரா பானு அந்தப் படத்தை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"எல்லாம் சரிங்ணா. மதகு எங்கீங்க? மதகைக் காணோமே."

நாலாவது தடவையும் மனு திரும்பியது.

அந்த வாரமே மழை கொட்டித் தீர்த்தது. குளம் தளும்பி நின்றது. அங்கப்பன் நனைந்த வேட்டியோடு ஆபீசுக்குள் நுழைந்தார்.

"இப்பச் சந்தோசமுங்களா மேடம்? ஒரு கூடை மண்ணு அள்ள முடியலீங்க. ஏழை வயித்துல அடிச்சுப்போட்டு நீங்க நல்லா இருப்பீங்களா?"

சாயிரா பானு பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள்.

"பதினேழாம் நம்பர் உங்க மனு. அதுக்கடுத்ததைப் படிங்ணா."

பதினெட்டு: வெங்கடபதி. அதே குளம். செங்கல் அறுக்க முந்நூறு லாரி மண்.

"ஒரே குளத்துக்கு ரெண்டு மனு வந்தா, முந்தினது முடிஞ்சாத்தானுங்க அடுத்ததை எடுக்க முடியும். உங்க மனு திருத்தத்துல இருக்கற வரைக்கும் முடியாத கணக்கு. அவரு மனுவுல கையெழுத்துப் போட மேலதிகாரிங்க பேனாவைத் திறந்து வெச்சுட்டே உக்காந்திருந்தாங்க. முந்நூறு லாரி தோண்டியிருந்தா குளத்துத் தரை மதகுக்குக் கீழே போயிருக்கும். அப்புறம் உங்க வாழைக்குத் தண்ணி எப்படிங்ணா ஏறும்?"

அங்கப்பன் பதினெட்டாம் நம்பரை இன்னொரு தடவை படித்தார். மாருதி காரின் மெத்தென்ற சீட்டு இப்போதுதான் குத்தியது.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?"

"சொல்லியிருந்தா, கார்ல போகையில அவருகிட்டயே சொல்லியிருப்பீங்க."

அதுவும் நிஜம்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. வராந்தாவை எட்டிப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது.

"ஏனுங்க அம்மணி, அடுத்த கோடைக்கு இப்பவே ஒரு மனு குடுத்துப்போடட்டுங்களா?"

சாயிரா பானு முதல்முறையாகச் சிரித்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள்.

"அவரு வாரதுக்குள்ள குடுத்துப்போடுங்ணா. குளத்தை வட்டமாவே வரைஞ்சிருங்க."