மெஷின் ஆறுகிற வரைக்கும்

"மூஞ்சியைக் கிட்ட கொண்டுபோகாதீங்கம்மா! ஐந்நூறு டிகிரி. பொசுங்கிடும்!"

மெஷின்காரர் அதட்டியதும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டைப்பிஸ்டம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். எட்டு மாதமாக இதே அதட்டல்தான். சலிக்கவே இல்லை. அவளை அதட்டுவதற்கு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் கையில் இருந்தது ஹீட் கன். தலைமுடி உலர்த்துகிற மெஷினுக்கு முரட்டு அண்ணன் மாதிரி இருக்கும். அனல் காற்றை ஊதிப் பெயிண்டை இளக்கும். இளகியதைத் தகட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். வாசல் கதவுக்காக ஒரே ஒரு தடவை கடையிலிருந்து வாடகைக்கு எடுத்தாள். கடை ஆளாக அதைக் கொண்டுவந்து, சுரண்டக் காட்டிக்கொடுத்து, செல் நம்பரும் தந்துவிட்டுப் போனவர் இவர்தான். இரண்டாவது தடவை அவருடைய செல்லுக்கே கூப்பிட்டபோது, "ஒரு தடவை எடுத்தா ஒரு வருஷத்துக்கு வாடகை கிடையாதும்மா. ஆனா மெஷினோட நானும் வருவேன், பரவாயில்லையா?" என்றார்.

பரவாயில்லையாவா! நல்லா கேட்டார் போங்கள்!

வீட்டுக்காரர் போன பிறகு, சில நாள் பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதும்" என்று சொல்வதோடு அவளுடைய அன்றைய பேச்சே முடிந்துவிடும். மெஷின்காரர் வந்தால் அப்படியில்லை. சுடச்சுட மெஷினைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாதாம். மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, அரை மணி நேரம் ஆற விட வேண்டுமாம். ஆறும் வரை பக்கத்தை விட்டு ஆள் நகரவும் கூடாதாம். அந்த அரை மணி நேரம் டீயும் பேச்சும்தான்.

வாசல் கதவு முடிந்தது. ஜன்னல்கள், அலமாரி, கட்டில் கால் என்று எல்லாமே போன மாதம் முடிந்துபோயின. சுரண்ட வீட்டில் மரமே இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு, பிறந்ததிலிருந்து பெயிண்டையே பார்க்காத ஒரு முக்காலிக்கு, புதன்கிழமை அவளே பச்சை பெயிண்ட் அடித்தாள். சனிக்கிழமை அவருக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா இது, சூயிங்கம் மாதிரி இழுக்குது?" தகட்டில் பச்சை நூல் நூலாக ஒட்டியிருந்தது. "பழைய பெயிண்ட்னா கொப்புளம் கட்டி, தானா உரிஞ்சு வரணுமே."

"அது வந்து... எங்க வீட்டுக்காரர் இருந்தப்ப அடிச்சது சார்." போய்ச் சேர்ந்த மனிதர் மேல் பழியைப் போட்டாள்.

"நல்ல வேலைக்காரரு போல. நேத்து அடிச்ச மாதிரியே இருக்கு."

அவர் மெஷினை ஒரே இடத்தில் காட்டாமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தார். அப்படியும் புகை கிளம்பியது. மாஸ்க்கையும் மீறி இருமினார். "ஜன்னலை நல்லா திறந்து விடுங்கம்மா" என்றவர், மறுபடி இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடிப்பாவி, உன் பொழுது போக ஒரு வயசான மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒருவழியாக மெஷின் மூக்கை நிமிர்த்திக்கொண்டு ஆற ஆரம்பித்தது. டீயை உறிஞ்சியபடி அவர் சொன்னார். "எங்க வீட்ல டிவி மட்டும்தாம்மா பேசும். நியூஸ் படிக்கிற பொண்ணு 'வணக்கம்'னு சொன்னா, நானும் எழுந்திரிச்சு 'வணக்கம்மா'ன்னு சொல்லிடறேன்."

சிரித்தாள். சிரித்த பிறகு அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அரை மணி நேரம் ஆனது. அவர் மெஷின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இன்னும் லேசா சூடு இருக்கு" என்று மறுபடி உட்கார்ந்தார். இன்னொரு டீ ஆனது. கிளம்பும்போது, "அடுத்து என்னம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பார்த்துச் சொல்றேன் சார்."

வாசல் கதவைச் சாத்தியதும் வீடு கப்சிப் என்றாகிவிட்டது. அந்த இருமல் மட்டும் காதிலேயே நின்றது. கடையில் எத்தனை வேலை இருக்கும் அவருக்கு? இல்லாத வேலைக்காக இங்கே வந்து உட்கார்ந்திருந்தார் என்று முதலாளிக்குத் தெரிந்தால், இந்த வயதில் வேலை போய்விடாதா? போதும். இருக்கிற ஒரே பேச்சுத்துணையும் போனால் போகட்டும். மனது மாறுவதற்குள் பழைய வாடகைச் சீட்டைத் தேடியெடுத்துக் கடை நம்பருக்குப் போட்டாள். முதலாளியே எடுத்தார்.

"சார், உங்க கடையிலேர்ந்து ஹீட் கன் எடுத்துட்டு எங்க வீட்டுக்கு ஒரு பெரியவர் வர்றாரே, அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க. தப்பெல்லாம் என் மேலதான். இங்க வேலையே கிடையாது. பேச ஆள் இல்லாம நானே பெயிண்ட் அடிச்சு வச்சிட்டு அவரைக் கூப்பிட்டேன். இனிமே கூப்பிட மாட்டேன். அவரை மட்டும் வேலையை விட்டு எடுத்துடாதீங்க."

"நான் எங்கம்மா எடுக்கிறது? அவர் ரிட்டயராகியே எட்டு மாசம் ஆகப்போகுது" என்றார் முதலாளி. "போற அன்னைக்கு அந்த மெஷினை மட்டும் விலைக்குக் கேட்டாரு. 'இனிமே உங்களுக்கு எதுக்குய்யா இது?'ன்னேன். 'ஒரு வீட்ல வேலை இன்னும் முடியலை முதலாளி, முடியவும் வேணாம்'னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு."