பத்து நொடிச் சிவப்பு

நான்காவது எல்.இ.டி. விளக்கையும் நானே கருக்கிவிட்டேன். நடுவில் ரெசிஸ்டர் போட வேண்டுமாம். கரண்டைக் குறைப்பதற்கென்றே ஒரு பொருளை விற்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? உதிரிபாகக் கடை சதானந்தம் கருகியதை மோந்து பார்த்தார்.

"பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்டுதானே சார்?"

மூன்று முறை ஆமாம் என்று புளுகியிருந்தேன். இந்த முறை வாய் வரவில்லை.

"சம்சாரத்துக்குங்க. பக்கவாதம் வந்து மூணு மாசமாப் பேச்சில்ல. வலது கட்டைவிரல் மட்டும் அசையுது. ஆமான்னா பச்சை, இல்லைன்னா சிவப்பு. பேசுவாளான்னு டாக்டரைக் கேட்டா 'பாப்போம்'ங்கிறார். கொஞ்சம் பேசாம இரேன்னு இருபது வருஷம் கெஞ்சினவன் சார் நான்."

"இதுக்குப் புரோகிராம் ஏத்துற போர்டு எதுக்கு? பேட்டரியும் சுவிட்சும் போதுமே."

"விரலை எடுத்த பிறகும் பத்து நொடி எரியணும். அவ விரல் சீக்கிரம் ஓஞ்சிடும்."

அவர் லேசாகத் தொட்டாலே அமுங்கும் பொத்தான்களாக இரண்டு தேடியெடுத்தார். என் கையை நம்பாமல் ரெசிஸ்டர்களைத் தானே பற்றவைத்து, புரோகிராமையும் ஏற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து மங்கையின் கட்டைவிரலடியில் பொத்தான்களை வைத்தேன். மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"தினமும் நான் வச்சு ஊட்டுற ரசம்... நல்லாயிருக்கா?"

சிவப்பு எரிந்தது. பத்து நொடியில் அணைந்தது. அவள் மறுபடியும் அதையே அமுக்கினாள்.