பெரிய எண் பகடை

மச்சினன் மேஜையில் வைத்த, பெரிய எண்கள் போட்ட இருபது முகப் புதுப் பகடை எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. கணக்காளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது யாருக்குடா? இந்தம்மாவுக்கா?"

முதல் தடவையாக ஆட வந்திருந்த பக்கத்து வீட்டு நர்ஸ், வாயில் போடப்போன பச்சை மிட்டாயை மேஜையிலேயே வைத்துவிட்டாள்.

"எல்லாரும் ஆடணும்ல, மாமா," என்றான், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் மச்சினன்.

"கண்டவங்களையும் சேர்க்க இதென்ன சந்தையா? மூளை உள்ளவங்க ஆடற ஆட்டம்டா! நீ கதையைச் சொல்லு."

"குகைக்குள்ள அரக்கன் வாளை ஓங்கறான். பதினஞ்சுக்கு மேல விழுந்தாத்தான் நீங்க பிழைப்பீங்க."

கணக்காளர் தன் பழைய குட்டிப் பச்சைப் பகடையை வீசி உருட்டினார். மேஜைமேல் குனிந்து பார்த்தார்.

"பதினெட்டு! பார்த்தியாம்மா? இதுதான் ஆட்டம். நீ நடையைக் கட்டு."

நர்ஸ் எழுந்தாள். தன் காலடியில் கிடந்ததை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"உங்க பகடை, சார். உருண்டு கீழே விழுந்துடுச்சு. நீங்க பதினெட்டுன்னு படிச்சது என் மிட்டாயை."

மச்சினன் பெரிய பகடையை அவர் பக்கம் நகர்த்தினான்.

"இதை யாருக்காக வாங்கினேன்னு நினைச்சீங்க, மாமா?"