ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

இன்சோன் விமான நிலையக் கண்ணாடியில் மத்தியான வெயில் சரிகிறது. இன்றிரவு அப்பாவின் திதி. லீவு முடிந்துவிட்டதால் மன்சிக் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளம்பி, தலை குனிந்து நிற்கிறான். ஒன்பதாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். அம்மா ஓக்பூன், படையலுக்கு வாங்கிய உலர்ந்த இலந்தையில் ஒரு பிடியை அவன் கோட்டுப் பையில் போடுகிறாள். "நீ எறங்குறப்ப அங்க இன்னிக்குக் காலைதான?" தலையாட்டுகிறான். அவள் விரல் விட்டு எண்ணுகிறாள். "இங்க ராத்திரி பத்து மணிக்கு அப்பா சாப்பிட்டு எழுந்துருவாரு. அப்புறம் பதினாலு மணி நேரம் கழிச்சுத்தான் உனக்கு ராத்திரி. நிதானமாவே வந்து சேருவாரு. நீயும் ஒரு தட்டு வை." அவன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறான். "அவரு ஒரு தடவகூட பிளேன் ஏறினதில்லையேம்மா." அவள் அவன் காலரை நீவிவிடுகிறாள். "அதான் சொல்றேன். புது ஊரு, தயங்கி வெளியவே நிப்பாரு. கதவக் கொஞ்சம் திறந்தே வை."